எட்டு ஏரியா, மூன்று நிமிடம், ஓர் இடைவேளை

நாம் பார்க்கும் படத்துக்கும், முணுமுணுக்கும் பாட்டுக்கும், கண் கலங்கவைக்கும் சீரியலுக்கும் வடிவம் கொடுத்தது யார்?

தமிழ்நாட்டுக்கு இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. அரசாங்கத்தின் வரைபடத்தில் 38 மாவட்டங்கள். சினிமாக்காரர்களின் வரைபடத்தில் 8 ஏரியாக்கள்: சென்னை சிட்டி, செங்கல்பட்டு, வட ஆற்காடு-தென் ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், திருநெல்வேலி-கன்னியாகுமரி. ராமநாதபுரம் மாவட்டம் 1985-லேயே மூன்றாகப் பிரிந்தது. வட ஆற்காடு 1989-ல் உடைந்தது, தென் ஆற்காடு 1993-ல். ஆனால் ஒரு படத்தின் உரிமையைப் பேசி முடிக்க உட்கார்ந்தால், இன்றைக்கும் "எம்.ஆர். எவ்வளவு போச்சு, டி.டி. எவ்வளவு கேக்கறாங்க" என்றுதான் பேச்சு ஓடும். எம்.ஆர். என்றால் மதுரை-ராமநாதபுரம், டி.டி. என்றால் திருச்சி-தஞ்சை. கலெக்டர் ஆபீஸில் மறைந்துபோன மாவட்டங்கள் விநியோகஸ்தர் ஆபீஸில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

விஸ்காம் மாணவர்களிடம் பேசப் போகும்போதெல்லாம் இந்த 8 ஏரியாக்களின் பெயரைக் கேட்பேன். கேமராவின் மாடல் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள் இதற்கு விழிப்பார்கள். அது அவர்கள் குற்றமில்லை. நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

அண்ணா தொடங்கி ஜெயலலிதா வரை ஐந்து முதலமைச்சர்களை சினிமாவிலிருந்து கண்ட ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் படத்தை, பாட்டை, சீரியலை ஒரு பாடமாகப் படிப்பதற்கு நம் பள்ளியில் இடமில்லை. பிரிட்டனில் 16 வயதுப் பிள்ளைகள் மீடியா ஸ்டடீஸ் என்ற பாடத்தைப் பொதுத்தேர்வாகவே எழுதுகிறார்கள். அந்தப் படிப்பின் அடிப்படைக் கேள்விகள் எளிமையானவை. யார் பணம் போட்டார்கள்? யார் பார்ப்பார்கள் என்று நினைத்து எடுத்தார்கள்? எந்தக் கருவி வழியாக நம்மிடம் வந்தது? பார்த்தவர்கள் அதை என்னவென்று எடுத்துக்கொண்டார்கள்? இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கூடத்தையும் நம் ஊர்க் கொட்டகையையும் ஒருமுறை சுற்றி வரலாம்.

பெட்டி வந்த கதை

ஒரு படம் எடுத்து முடிப்பதற்கு முன்பே விற்கப்படும். அவுட்ரேட் என்றால் ஒரே விலை. லாபமோ நட்டமோ வாங்கியவர் தலையில். எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி என்றால் இவ்வளவு தொகைக்கு உத்தரவாதம்; அதற்குமேல் வசூலானால் பங்கு. மூன்றாவது, கமிஷன் முறை. விநியோகஸ்தர் அட்வான்ஸ் கொடுத்துப் படத்தை ஓட்டித் தருவார். தன் கமிஷனை எடுத்துக்கொள்வார். வசூல் அட்வான்ஸைத் தொடவில்லையென்றால் மிச்சத்தைத் திருப்பிக் கேட்பார். மூன்றிலும் ஒன்று பொது. பணம் கை மாறும் நேரத்தில் படம் என்ற பொருள் இன்னும் கண்ணில் தெரியாது. தெரிவது ஒரு பெயர் மட்டும்தான். அதனால்தான் கதையைக் கேட்பதற்கு முன் "ஹீரோ யாரு?" என்ற கேள்வி வருகிறது. நாயகனின் அறிமுகப் பாட்டு, காலணியிலிருந்து முகத்துக்கு மெல்ல ஏறும் கேமரா, அந்த முகம் தெரிவதற்கு முந்தைய தாமதம் எல்லாமே, பணம் கொடுத்தவருக்கு அந்தப் பெயரைக் காட்டிக்கொடுக்கும் சடங்குகள். ரசிகர் கைதட்டுவது நிஜம். அந்தக் கைதட்டலை எதிர்பார்த்து ஏற்கெனவே ஒரு காசோலை எழுதப்பட்டிருப்பதும் நிஜம்.

ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்ற பிரிவும் இப்படித்தான். பெரிய நகரம் ஏ, நடுத்தர ஊர் பி, கிராமமும் டூரிங் டாக்கீஸும் சி. ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடப் பணம் அதிகம். எனவே பிரிண்ட்களின் எண்ணிக்கை குறைவு. ஏ சென்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்ட்தான் பெட்டியில் ஏறி பி-க்கும், பிறகு சி-க்கும் வரும். எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்து சேரும்போது திரையில் கோடு கோடாக மழை பெய்யும். வெயில் காட்சியிலும் பெய்யும். "பெட்டி வந்தாச்சா?" என்பதுதான் அந்த நாளின் பெரிய கேள்வி. ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைக்காரர்கள் பகிர்ந்துகொண்டால், ஒரு ரீல் முடிந்ததும் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் பறக்கும். 1,000 அடி ரீல் ஒன்று ஓடும் நேரம் 11 நிமிடம். அந்தப் 11 நிமிடத்துக்குள் மிதித்தாக வேண்டும்.

டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்ததும் பெட்டி போயிற்று. சி சென்டரும் ஏ சென்டரும் ஒரே வெள்ளிக்கிழமையில், ஒரே காலைக் காட்சியில் படம் பார்க்கின்றன. மழை பெய்யாத திரை எங்கள் ஊருக்கும் கிடைத்தது. அதோடு 100 நாள் ஓட்டம் என்பதும் முடிந்தது. எல்லா ஊரிலும் ஒன்றாக வெளியாகும் படம் மூன்று நாளில் பணத்தை எடுத்தாக வேண்டும். மூன்று நாளுக்குள் எடுக்க வேண்டிய படம் முதல் காட்சியிலிருந்தே உரக்கப் பேசுகிறது. மெல்லப் பேசி, ஆளுக்கு ஆள் சொல்லி, நாலாவது வாரம் நிறையும் படத்துக்குக் கொட்டகையில் இடமில்லாமல் போனது. என்னைக் கேட்டால், கடந்த இருபது வருடத்தில் தமிழ் சினிமாவுக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு இதுதான்.

தட்டின் அளவும் பாட்டின் அளவும்

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கறுப்பு அரக்குத் தட்டு, நினைத்ததைவிடக் கனம். நடுவில் வட்டமான லேபிள். பாடியவர் பெயர் பெரிதாக இருந்தது. ராகம், தாளம், கம்பெனி முத்திரை, வரிசை எண் எல்லாம் இருந்தன. பாட்டை எழுதியவர் பெயரைத் தேடினேன், இல்லை. மெட்டுப் போட்டவர் பெயரும் இல்லை.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 3 நிமிடம்தான் பாட்டு. நாடக நடிகர் கிட்டப்பா மேடையில் பாடினால் 'ஒன்ஸ்மோர்' குரல் எழ எழப் பாட்டு நீளும். தட்டு அதற்கு இடம் தராது. கே.பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் நாடக மேடையில் விரித்துப் பாடியதைத் தட்டுக்காகச் சுருக்கிப் பாட வேண்டியிருந்தது. ஆலாபனை ஒரு கோடாகக் குறுகியது. பல்லவி சீக்கிரம் வந்து சேர்ந்தது. நாடகத்திலிருந்து தட்டுக்கும் தட்டிலிருந்து பேசும்படத்துக்கும் பாட்டு பயணப்பட்ட இந்தக் கதையை மானுடவியலாளர் ஸ்டீபன் ஹியூஸ் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1931-ல் தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தபோது ரசிகர்களின் காதுக்கு அந்த மூன்று நிமிட அளவு ஏற்கெனவே பழகியிருந்தது. பல்லவி, இரண்டு சரணம், நடுவில் இன்டர்லூட் என்று இன்றைக்கும் நாம் 'சினிமாப் பாட்டு' என்று அறியும் உருவத்துக்குள் அந்த அரக்குத் தட்டின் விட்டம் ஒளிந்திருக்கிறது.

இதைச் சொன்னால் சிலர் முகம் வாடுகிறது. இசையை வியாபாரமாக்கிப் பேசுகிறேன் என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. மூன்று நிமிடம்தான் உண்டு என்று தெரிந்தும் அதற்குள் ஒரு ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டுப் போனவர்களின் திறமை, அந்த எல்லை தெரிந்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

வானொலி இன்னொரு பாடம். 1952 முதல் 1962 வரை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள். வடக்கே இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பு. இங்கே அதே வானொலியின் தமிழ் ஒலிபரப்பு. மயில்வாகனன், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்கள் தூத்துக்குடியிலும் ராமநாதபுரத்திலும் வீட்டு மனிதர்களின் குரல்கள் ஆயின. கடைசியில் டெல்லியே இறங்கிவந்து 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதியைத் தொடங்கியது. மேலிருந்து கொடுப்பதை மக்கள் அப்படியே விழுங்குவார்கள் என்று நினைக்கும் எவருக்கும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

பிறகு கேசட். என் வயதுக்காரர்களுக்கு ரெக்கார்டிங் சென்டர் நினைவிருக்கும். நோட்டுப் புத்தகத் தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒரு காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வருவோம். கடைக்கார அண்ணன் பட்டியலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, ஏ சைடுல ரெண்டு நிமிஷம் மிஞ்சுது, ஒரு சின்னப் பாட்டு சொல்லு" என்பார். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பொருத்தமான பாட்டைத் தேடியது என் முதல் இசைக் கல்வி. படத்தைவிட்டுப் பாட்டைப் பிரித்து, நம் இஷ்டத்துக்கு அடுக்கும் உரிமை முதன்முறையாக நம் கைக்கு வந்தது. எல்லாமே சட்டத்துக்கு வெளியே நடந்தது என்பதும் உண்மை.

சட்டம் அப்போது யார் பக்கம் இருந்தது? படத்துக்காகக் காசு கொடுத்துப் போடச் சொன்ன பாட்டுக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், இசைக் கலைஞர்களுக்குச் சட்டம் உரிய இடம் தரவில்லை என்ற கவலையையும் தனியே பதிந்துவைத்தார். அந்தக் கவலைக்குப் பதில் கிடைக்க 35 வருடம் ஆயிற்று. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், கொட்டகையில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதைத் தவிர மற்ற இடங்களில் பாட்டு ஒலிக்கும்போது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உள்ள ராயல்டி பங்கை எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி காப்பாற்றியது. காரைக்குடித் தட்டின் லேபிளில் இல்லாத பெயர்களை நினைத்துக்கொள்கிறேன்.

இன்று பாட்டு போனில் வருகிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 வினாடி கேட்டால்தான் அது 'கேட்டதாக' எண்ணப்படும். நீண்ட தொகையறாவும், வயலின்கள் எழுந்து அடங்கும் பிரிலூடும் அருகிவருவதை அந்த 30 வினாடியோடு சேர்த்துப் பாருங்கள். 3 நிமிடத் தட்டு பாட்டின் முடிவைத் தீர்மானித்தது. 30 வினாடிக் கணக்கு பாட்டின் தொடக்கத்தைத் தீர்மானிக்கிறது.

அத்தையும் ஸ்டூவர்ட் ஹாலும்

மன்னார்குடியில் என் அத்தை வீட்டில் ஓர் இரவு, எட்டு மணி சீரியல். மருமகள் மேல் திருட்டுப் பழி விழுகிறது. சொல்லி முடித்ததும் 'டும்' என்று ஒரு சத்தம்; கூடத்தில் நின்ற ஏழு பேரின் முகத்துக்கும் கேமரா தனித்தனியே போய் வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்: 50 வினாடி. அதற்குள் அத்தை சமையலறைக்குப் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்துவிட்டார். ஒன்றும் தவறவிடவில்லை.

அமெரிக்க சோப் ஓபராக்களைப் பற்றி டானியா மொட்லெஸ்கி 1982-ல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொல்கிறார்: அந்தத் தொடர்களின் தாளம் வீட்டு வேலையின் தாளத்தோடு பொருந்தி அமைந்திருக்கிறது. விட்டு விட்டு, எழுந்து எழுந்து பார்ப்பவருக்காகவே ஒன்றை மூன்று முறை சொல்கிறார்கள். நாம் 'இழுக்கிறார்கள்' என்று அலுத்துக்கொள்வது, உட்காராமல் வேலை செய்யும் ஒரு பெண்ணின் மாலை நேரத்துக்குப் போட்ட சட்டை.

இழுப்பதற்குப் பணக் காரணமும் உண்டு. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று தொடங்கிய சன் டி.வி. வளர்ந்த விதத்தைப் பாருங்கள். சேனல் தன் நேரத்தை ஸ்லாட்டாக விற்றது. வாங்கிய தயாரிப்பாளர் தன் செலவில் சீரியல் எடுத்து, ஸ்லாட்டோடு கிடைத்த விளம்பர நிமிடங்களை விற்றுக் காசு பார்த்தார். நன்றாக ஓடும் சீரியலை முடிப்பது, நல்ல இடத்தில் இருக்கும் கடையை மூடுவது மாதிரி. 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை, 1,500 எபிசோடுகளைத் தாண்டி ஓடியதற்குக் கதை மட்டும் காரணமில்லை. கனடாவின் டல்லஸ் ஸ்மைத் 1977-லேயே இதற்கொரு விளக்கம் கொடுத்தார்: தொலைக்காட்சி விற்கும் சரக்கு நிகழ்ச்சி இல்லை, பார்வையாளர்தான், வாங்குபவர் விளம்பரதாரர். வியாழக்கிழமைதோறும் வரும் டி.ஆர்.பி. அந்தச் சரக்கின் எடைச் சீட்டு. சில பத்தாயிரம் வீடுகளில் வைத்த மீட்டர்தான் நாடு முழுவதும் என்ன பார்க்கிறது என்று சொல்கிறது.

ரேமண்ட் வில்லியம்ஸ் என்ற வெல்ஷ் அறிஞர் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்து மயாமியில் இறங்கி, களைப்போடு ஓர் இரவு டி.வி. பார்த்தார். ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் விளம்பரம், பின்னால் வேறு இரண்டு படங்களின் முன்னோட்டம். எது எதில் முடிந்தது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்து 1974-ல் 'ஓட்டம்' என்ற கருத்தை உருவாக்கினார்: தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சி என்று ஒன்றில்லை, இடைவிடாத ஓட்டம்தான் அதன் இயல்பு. தூர்தர்ஷன் காலத்தில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்தவர்கள் நாம். பிறகு எப்போது அணைப்பதை நிறுத்தினோம் என்று யோசித்தால் வில்லியம்ஸ் சொல்வது விளங்கும்.

ஆனால் அத்தை வெறும் சரக்காக உட்கார்ந்திருக்கவில்லை. மருமகள் பழியை வாய்மூடி ஏற்றுக்கொண்டபோது திரையைப் பார்த்துச் சொன்னார்: "குடும்பத்தை விட்டுக்கொடுக்காம இருக்கா, சரி. அதுக்காக வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? நானா இருந்தா அப்பவே கேட்டிருப்பேன்." ஜமைக்காவில் பிறந்து பர்மிங்ஹாமில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால், பார்வையாளர் மூன்று விதமாகப் பொருள் கொள்வார் என்று 1973-ல் எழுதினார். சொன்னதை அப்படியே ஏற்பது ஒன்று. முழுக்க எதிர்ப்பது ஒன்று. நடுவில், பாதியை ஏற்றுப் பாதிக்குப் பேரம் பேசுவது ஒன்று. அத்தை செய்தது மூன்றாவது. அவர் ஹாலைப் படித்ததில்லை. படிக்கத் தேவையும் இல்லை. அவர் செய்வதற்கு ஒரு பெயர் உண்டு என்பதும், அது அறிவார்ந்த காரியம் என்பதும் தெரிய வேண்டியது, சீரியல் பார்க்கும் பெண்களைக் கேலி செய்யும் மற்றவர்களுக்குத்தான்.

இடைவேளை

நம் படங்களின் இடைவேளை வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆச்சரியம். லலிதா கோபாலன் 2002-ல் வெளியிட்ட நூலில், இடைவேளை, பாட்டு, சென்சார் ஆகிய குறுக்கீடுகளே நம் சினிமாவின் வடிவம் என்று வாதிட்டார். நம் திரைக்கதையாசிரியர்கள் இதைக் கையால் அறிந்தவர்கள். 'இன்டர்வெல் பிளாக்' என்ன என்று முடிவு செய்யாமல் பேனாவைத் தொட மாட்டார்கள். தொழில் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. டிக்கெட் வசூலில் விநியோகஸ்தருக்குப் பங்கு போகும். கேண்டீன் வருமானம் கொட்டகைக்கே. முறுக்கும் கலரும் விற்ற 15 நிமிடம்தான் பல ஊர்க் கொட்டகைகளைத் தூக்கி நிறுத்தியது.

2013-ல் கமல்ஹாசன் 'விஸ்வரூப'த்தை டி.டி.எச். வழியாகவும் வெளியிட நினைத்தபோது கொட்டகைக்காரர்கள் கொதித்ததும், 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக ஓ.டி.டி.யில் வந்தபோது எழுந்த எதிர்ப்பும், இந்த 15 நிமிடத்தையும் சேர்த்த கோபம்தான். 2021 பொங்கலுக்குக் கொட்டகையில் வந்த 'மாஸ்டர்' அந்த மாதம் முடியும் முன்பே வீட்டுத் திரைக்கு வந்துவிட்டது. வீட்டில் பார்க்கும்போதும் படத்தின் நடுவில் 'இடைவேளை' என்ற எழுத்து வந்து போகிறது. யாரும் எழுந்திருப்பதில்லை. ஆனால் அதற்கு முந்தைய காட்சி, யாரோ எழுந்து போவார்கள், அவர்களைத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்ற தவிப்போடுதான் இன்னமும் எழுதப்படுகிறது.

எடைக்குப் போகும் வரலாறு

நம்மைப் பற்றி நல்ல ஆராய்ச்சி இல்லாமலில்லை. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-ல் தமிழ் சினிமாவின் அரசியலைப் பற்றி எழுதினார். அதே ஆண்டில் தியடோர் பாஸ்கரன், நாடகமும் சினிமாவும் விடுதலைப் போராட்டத்தில் வகித்த பங்கை ஆவணங்களோடு நிறுவினார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்த நூல் 1992-ல் வந்தது. மூன்றும் முதலில் ஆங்கிலத்தில் வந்தவை. பாண்டியனின் நூல் 'பிம்பச் சிறை' என்று தமிழுக்கு வர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆயிற்று. எம்.ஜி.ஆர். படத்துக்கு வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்!

படிக்க வேண்டிய பொருளே கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. நடராஜ முதலியார் எடுத்த முதல் மௌனப்படமான 'கீசக வத'த்துக்குப் பிரதி இல்லை. முதல் பேசும்படமான 'காளிதாஸ்' படத்துக்கும் இல்லை. தமிழ்ப் படங்களின் தகவலையும் புகைப்படங்களையும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்க்காமல் இருந்திருந்தால் நமக்குப் பட்டியல்கூட மிஞ்சியிருக்காது. அவர் சேகரிப்பைப் பிறகு தமிழக அரசு வாங்கிக்கொண்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் நோட்டீஸ்களும் இன்று தரமணியில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன.

கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், பட நோட்டீஸ், இசைத்தட்டு, கேசட்டுக்குள் மடித்து வைத்த அட்டை, விநியோகஸ்தராக இருந்த தாத்தாவின் ஏரியா கணக்கு நோட்டு. இவற்றில் எது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். தரமணிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.